பனி பெய்யாத ஊரில் பனிப்பாட்டு எதற்கு?

ஐப்பசி மழை இறங்கியதும் நம் ஊரில் கிறிஸ்மஸ் பாட்டுக் கச்சேரிக்கான கமிட்டிக் கூட்டங்களும் இறங்கிவிடும். இந்த வருஷம் அப்படி ஒரு கமிட்டி, பிரெஞ்சுப் பாட்டுகளின் உச்சரிப்பைப் பார்த்துத் திருத்திக் கொடுக்கச் சொல்லித் தன் பட்டியலை எனக்கு அனுப்பியிருந்தது. எந்தக் கமிட்டி என்று சொல்லப் போவதில்லை. சொல்லவும் அவசியமில்லை. நம் புதுச்சேரியில் டிசம்பரில் நடக்கிற எந்தக் கச்சேரியின் பட்டியலை எடுத்தாலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான்.

பதினான்கு பாட்டுகள். ஒன்பது ஆங்கிலம், இரண்டு பிரெஞ்சு, இரண்டு தமிழ், கடைசியில் ஹாண்டலின் 'அல்லேலூயா'. ஆங்கிலம் ஒன்பதில் 'ஜிங்கிள் பெல்ஸ்' உண்டு, 'ஒயிட் கிறிஸ்மஸ்' உண்டு, சிவப்பு மூக்கு மான் உண்டு. பிரெஞ்சில் ஒன்று 'பெத்தி பாப்பா நொவேல்'. தமிழ்ப் பாட்டு இரண்டும் நன்றியுரைக்கு முந்தின இடத்தில், அதாவது பாதி நாற்காலிகள் காலியான பிறகு.

உச்சரிப்பைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். பட்டியலைத் திருத்தும்படி யாரும் கேட்கவில்லை. ஆகவே அதை இங்கே செய்கிறேன்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். கச்சேரி வேறு, பூசை வேறு. பூசையில் என்ன பாடலாம், என்ன பாடக்கூடாது என்பதற்குத் திருச்சபை ஒழுங்கு இருக்கிறது, கேட்பதற்குச் சாமியார் இருக்கிறார். கச்சேரிக்கு அந்தக் கட்டு இல்லை. கச்சேரியில் சிரிப்புப் பாட்டு பாடலாம், குழந்தைப் பாட்டு பாடலாம். நான் மதக் காவலன் வேலைக்கு வரவில்லை. நான் கேட்பது வேறு. மேடையில் நிற்கிற நாற்பது பேரில் எத்தனை பேருக்குத் தாங்கள் பாடுவது என்னவென்று தெரியும்? ஏன் இந்தப் பாட்டு, ஏன் இந்த ஊரில் என்று யாராவது கேட்டால், 'போன வருஷமும் பாடினோம்' என்பதைத் தவிர வேறு பதில் உண்டா?

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். போன வருஷத்துக் கோப்பை எடுத்து, தேதியை மட்டும் மாற்றி, கீழே கையெழுத்துக்கு வைப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்தப் பட்டியல் அப்படிப்பட்ட கோப்பு.

'ஜிங்கிள் பெல்ஸ்' பாட்டை ஜேம்ஸ் பியர்பான்ட் என்ற அமெரிக்கர் 1857இல் வெளியிட்டார். அதில் கிறிஸ்மஸ் என்ற சொல்லே கிடையாது. குழந்தை ஏசுவும் கிடையாது, மாதாவும் கிடையாது. ஒற்றைக் குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டியில் ஒரு வாலிபன் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வேகமாக ஓட்டுகிறான், வண்டி குடை சாய்கிறது. அதுதான் விஷயம். நல்ல துள்ளல் பாட்டுத்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கப்ஸ் கோயில் பக்கம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு, முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு அதைப் பாடும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முறைக்கிறார்.

'ஒயிட் கிறிஸ்மஸ்' கதை வேறு. அதை எழுதிய இர்விங் பெர்லின் ரஷ்யப் பேரரசில் பிறந்து, சின்ன வயதில் அமெரிக்காவுக்கு வந்த யூதர். 1942இல் பிங் கிராஸ்பி சினிமாவில் பாடினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். வீட்டை விட்டுத் தொலைவில் கிடந்த சிப்பாய்களுக்கு அது ஊர் ஏக்கப் பாட்டாகிவிட்டது. அந்தப் பாட்டுக்கு ஒரு முன்பகுதி உண்டு, பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கலிஃபோர்னியாவின் வெயிலில், ஈச்சமரங்களின் நடுவே இருந்துகொண்டு, வடக்கே தன் ஊரில் இந்நேரம் பனி பெய்யுமே என்று ஒருவன் நினைக்கிற பகுதி அது. பனியை ஒரு காலத்தில் பார்த்தவன், இப்போது பார்க்க முடியாதவன் பாடுகிற பாட்டு. அந்த நியாயம் பாட்டுக்குள் இருக்கிறது. முத்தியால்பேட்டையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு என்ன ஏக்கம்? குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் அறையைத் தவிர அது பனியை எங்கே பார்த்தது?

நம் டிசம்பர் எப்படிப்பட்டது என்று இந்த வலைப்பதிவைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழையின் கடைசி வாரங்கள். தெருவில் கணுக்கால் தண்ணீர். கொசு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலை, கடல் உள்ளே வந்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கரையேறியபோது என் வீட்டு வாசல் குடிலின் ஓலைக் கூரை எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. சுரூபங்களை மட்டும் முந்தின இரவே எடுத்து உள்ளே வைத்திருந்தோம். நம் ஆட்களுக்குக் கிறிஸ்மஸோடு சேர்ந்து நினைவு வருவது மழையும் கடலும் காற்றும். இதில் எதற்காவது அந்தப் பதினான்கில் ஒரு பாட்டு உண்டா?

உடனே சொல்வார்கள்: 'ஐயா, கச்சேரிக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்கள். சாமிப் பாட்டாகவே பாடினால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். பொதுவான பாட்டு வேண்டும்.' கமிட்டியின் பெரிய வாதம் இது. நல்ல எண்ணத்தில் சொல்வதாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் இது அந்த நண்பர்களைப் பற்றி மிகக் குறைவாக நினைப்பது. மார்கழியில் விடியற்காலை பஜனைக் கோஷ்டி என் தெருவில் வருகிறது. நான் திண்ணையில் நின்று கேட்கிறேன். ஆண்டாளை எடுத்துவிட்டுப் பொதுவாகக் குளிரைப் பற்றி இரண்டு வரி பாடுங்கள் என்று நான் கேட்டதுண்டா? கேட்டால் என்னை என்னவென்று நினைப்பார்கள்? என் வீட்டுக்கு எதிர்வீட்டு நாயுடு அம்மா வருஷா வருஷம் கச்சேரிக்கு வருவார். கிறிஸ்மஸ் என்றால் என்னவென்று கேட்கத்தான் வருகிறார். அவருக்கு மானின் மூக்கைப் பற்றிப் பாடி அனுப்புகிறோம்.

அப்படியும் எல்லோருக்கும் பொதுவான பாட்டுத்தான் வேண்டுமென்றால் நம்மிடம் இல்லையா? மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், முன்சீப் உத்தியோகம் பார்த்தவர். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' என்று ஒரு புத்தகமே பாடி வைத்திருக்கிறார். எந்த மதத்தவரும் வாய்விட்டுப் பாடலாம். கர்நாடக சங்கீத வித்வான்கள் மேடையில் பாடுகிறார்கள். நம் கிறிஸ்மஸ் மேடையில்தான் நான் கேட்டதில்லை. பொதுப் பாட்டு தேடி பாஸ்டன் வரை போனவர்கள் மாயவரத்தில் வண்டியை நிறுத்தவில்லை.

இனி 'அல்லேலூயா' விஷயம். இதைத் தொட்டால் சண்டை வரும் என்று தெரிந்தே தொடுகிறேன்.

ஹாண்டலின் 'மெசையா' முதன்முதலில் அரங்கேறியது 1742 ஏப்ரல் 13, டப்ளின் நகரில். கடன்பட்டுச் சிறையில் கிடந்தவர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பணம் திரட்ட நடந்த கச்சேரி. ஏப்ரல், அதாவது தபசு காலத்தையும் பாஸ்காவையும் ஒட்டிய மாதம். 'அல்லேலூயா' வருவது அதன் இரண்டாம் பாகத்தின் முடிவில். ஆண்டவர் பாடுபட்டு, மரித்து, உயிர்த்து, மோட்சம் ஏறின பிறகு. பிள்ளை பிறந்தது முதல் பாகத்தில், அதற்கென்று அங்கே தனிப் பாட்டுகள் இருக்கின்றன. தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு நாம் பாஸ்காப் பாட்டைப் பாடுகிறோம். போகட்டும், மகிழ்ச்சிக்கு நாள் பார்க்க வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். பாட முடிகிறதா? நடுவில் பெண் குரல்கள் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்து, பிறகு படி படியாக மேலே ஏற வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. கீழே மற்ற மூன்று குரல்களும் அடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஏற்றத்தில் நம் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துவதை ஐந்து வருஷமாகக் கேட்கிறேன். ஆண்களில் தெனோர் பாடுகிறவர் நான்கு பேர். அதில் இரண்டு பேர் உதடு மட்டும் அசைக்கிறார்கள். பின்னால் கம்ப்யூட்டரிலிருந்து 'மைனஸ் ஒன்' இசை ஓடுகிறது. அது யாருக்காகவும் நிற்காது. இவர்கள் பிந்திவிட்டால் பிந்தினதுதான். முன்வரிசை எழுந்து நிற்கிறது. ஏன் என்று கேட்டால் இங்கிலாந்து ராஜா ஒருவர் எழுந்து நின்றாராம். அதற்கு அந்தக் காலத்துச் சாட்சி எதுவும் கிடையாது. நின்றிருந்தாலும் இங்கிலாந்து ராஜா நின்றதற்குப் புதுச்சேரிக்காரன் ஏன் நிற்க வேண்டும்?

சின்னக் குழுவுக்குப் பெரிய பாட்டு கௌரவம் தராது. 'ஸ்டில்ல நாஹ்ட்' என்று ஜெர்மனில் சொல்கிற 'அமைதி இரவு' பாட்டை நினைத்துப் பாருங்கள். 1818இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் என்ற சிற்றூர்க் கோயிலில், கிறிஸ்மஸுக்கு முந்தின இரவு, யோசேஃப் மோர் என்ற உதவிக் குருவும் ஃப்ரான்ஸ் க்ரூபர் என்ற பள்ளிக்கூட வாத்தியாரும் ஒரு கித்தாரை வைத்துக்கொண்டு இரண்டு பேராகப் பாடினார்கள். அது போதுமாக இருந்தது.

என் வயதுக்காரர்கள் இதுவரை படித்துவிட்டு, 'சரியாகச் சொன்னான், இங்கிலீஷை எடுத்துவிட்டு நம் பிரெஞ்சுப் பாட்டுகளை வைக்கச் சொல்கிறான்' என்று நினைத்திருப்பார்கள். அவசரப்பட வேண்டாம். 'பெத்தி பாப்பா நொவேல்' 1946இல் தினோ ரோஸ்ஸி பாடிய சினிமாப் பாட்டு. அதிலும் பனிதான், பொம்மைதான். நாம் சின்ன வயதில் கேட்டோம் என்பதால் அது ஞானப் பாட்டாகிவிடாது. பூல்வார் ஓரத்து வீடுகளில் அதை ரேடியோகிராமில் வைத்துக் கேட்ட நினைவு இனிக்கிறதென்றால் வீட்டில் போட்டுக் கேளுங்கள், நானும் வருகிறேன். மேடைக்கு வேண்டாம். ஆங்கிலப் பனிக்கு ஒரு சட்டம், பிரெஞ்சுப் பனிக்கு ஒரு சட்டம் என்று இருக்க முடியாது.

மொழியை வைத்துத் தள்ளுகிறவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. 'தமிழ்நாட்டுக்கு நடுவில் இருந்துகொண்டு பிரெஞ்சு எதற்கு, லத்தீன் எதற்கு?' என்று ஒரு தம்பி கேட்டார். தம்பி, இந்த ஊரில் அந்தப் பாட்டுகளைப் பாடினவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும் அல்ல. சொல்தா வீட்டு அம்மாக்கள் பாடினார்கள், குருசுக்குப்பத்துப் பிள்ளைகள் பாடினார்கள், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த என்னைப் போன்றவர்கள் பாடினோம். அறுபதுகளில் பூசை தமிழுக்கு மாறும் முன்பு லத்தீன் சங்கீதங்களை அர்த்தம் பாதி தெரிந்தும் தெரியாமலும் மனப்பாடமாகப் பாடினவர் என் அம்மா. ஆறாம் வகுப்புகூடத் தாண்டாதவர். அது எங்கள் வீட்டுச் சொத்து. 'அதெஸ்தே ஃபிதேலெஸ்' பாட்டின் பழைய பிரதிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஃப்ரான்சிஸ் வேட் என்பவர் கையால் எழுதியவை. இங்கிலாந்துக் கத்தோலிக்கர், பிரான்சில் துவே என்ற ஊரில் வாழ்ந்தார், பிழைப்புக்கு இசைத்தாள்களை நகல் எடுத்தார். நகலெழுத்தர், நம் இனம்! அந்தப் பாட்டுக்குப் பட்டியலில் இடமில்லை. ஆனால் அது ஒன்றுதான் எண்பது வயதுப் பாட்டியும் எட்டு வயதுப் பேத்தியும் சேர்ந்து பாடக்கூடியது. பாட்டிக்கு லத்தீன் தெரியும், பேத்திக்கு மெட்டு தெரியும்.

இங்கே நான் இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். பட்டியலில் இரண்டாவது பிரெஞ்சுப் பாட்டு 'மினுவி க்ரேத்தியேன்'. பக்கத்தில் அடைப்புக்குள் 'முதல் சரணம் மட்டும்' என்று போட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். 'யூடியூபில் இருக்கிற மைனஸ் ஒன் அவ்வளவுதான் ஐயா' என்றார்கள்.

அந்தப் பாட்டின் வரிகளை எழுதியவர் ப்ளசீத் கப்போ. ரோன் நதிக்கரையில் ரோக்மோர் என்ற ஊரில் ஒயின் வியாபாரம் செய்தவர். மெட்டுப் போட்டவர் அதோல்ஃப் ஆதாம், 'ழிசெல்' என்ற பாலேவுக்கு இசையமைத்தவர். 1847இல் அந்த ஊர்க் கோயிலில் எமிலி லோரே என்ற பாடகி பாடினார். பாட்டு காட்டுத்தீ போலப் பரவிற்று. கோயில் பெரியவர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. நாடகத்தனமான இசை என்றார்கள், எழுதியவரின் கொள்கை சரியில்லை என்றார்கள். சில மறைமாவட்டங்களில் தடையும் போட்டார்கள். ஜனங்கள் பாடிக்கொண்டேதான் இருந்தார்கள்.

இப்போது மூன்றாவது சரணத்துக்கு வாருங்கள், நம் கமிட்டி வெட்டிவிட்ட சரணம். பிறந்த மீட்பர் விலங்குகளை உடைத்தார், நேற்றுவரை அடிமை மட்டும் இருந்த இடத்தில் இன்று சகோதரனைக் காண்கிறார் என்பது அதன் சாரம். பாட்டு கேட்கப்பட்டது 1847. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்த ஆணை 1848 ஏப்ரல் 27. அதாவது அந்தச் சரணம் முதன்முதலில் பாடப்பட்டபோது ரெயூனியோனிலும் மர்த்தினீக்கிலும் குவாதலூப்பிலும் அடிமைகள் உண்மையிலேயே இருந்தார்கள். அது அலங்காரச் சொல் அல்ல.

அதற்குப் பிறகு நடந்தது நம் கதை. அடிமைகள் விடுதலையானதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தக் கூலிகள் என்று பெயர் வைத்து நம் சனங்களைக் கப்பலேற்றினார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல்கள் போயின. குவாதலூப் தீவுக்கு முதல் இந்தியக் கூலிகளைக் கொண்டுபோன கப்பலின் பெயர் 'ஓரேலி'. அது ப்வேந்த்-ஆ-பீத்ர் துறைமுகத்தை அடைந்த நாள் 1854 டிசம்பர் 24. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள். அன்று இரவு நடுச்சாமப் பூசைக்கு அந்த ஊரில் மணி அடித்திருப்பார்கள். கப்பலிலிருந்து இறங்கிய நம் ஆட்களுக்கு அது என்ன மணி என்று தெரிந்திருக்குமா?

இந்த ஊரில் எத்தனை குடும்பங்களில் ரெயூனியோனுக்குப் போன பெரிய பாட்டன், திரும்பி வராத சித்தப்பன் என்று ஒரு பெயர் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட பாட்டில், அடிமையைப் பற்றின சரணத்தை வெட்டிவிட்டு, மிச்சமான ஐந்து நிமிஷத்தில் பனிச்சறுக்கு வண்டிப் பாட்டைப் பாடுகிறோம். உலகத்தில் வேறு எந்தக் குழுவாவது மூன்றாவது சரணத்தை விட்டால் எனக்குக் கோபம் வராது. நாம் விடக்கூடாது.

'ஐயா, அந்தப் பாட்டைப் பாட இப்போது குரல் இல்லை' என்பார்கள். உச்சத்துக்குப் போகிற இடம் கடினம்தான். சுருதியை ஒன்றரை, இரண்டு இறக்கினால் நடுத்தர ஆண் குரலே பாடும். மைனஸ் ஒன் இசையை விட்டுவிட்டு ஆர்மோனியம் வாசிக்கிற ஒரு ஆளை உட்கார வைத்தால் சுருதியை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், பாடுகிறவன் மூச்சு வாங்கக் காத்திருக்கவும் செய்யலாம். ஊரில் ஆர்மோனியம் வாசிக்கிறவர்களுக்குப் பஞ்சமா? கேட்டால் வருவார்கள். யாரும் கேட்பதில்லை.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை, அதற்குத்தானே என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எழுத்தில் பிரெஞ்சை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் எழுத்துக்குப் பிரெஞ்சு ஒலி வராது. தமிழ் எழுத்திலும் முழுதாக வராது, ஆனாலும் அதைவிடப் பரவாயில்லை. முக்கியமான விஷயம் ஒன்று. பேசும்போது நாம் விழுங்கிவிடுகிற சொல்லின் கடைசி 'எ' ஒலிக்குப் பாட்டில் தனியாக ஒரு சுரம் உண்டு. 'தேர்' என்று பேசுகிறோம், பாடும்போது 'தே-ரெ' என்று இரண்டு சுரம். இது தெரியாமல் பிள்ளைகள் ஒரு சுரத்தை விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்கு முந்திப் போய் நிற்கிறார்கள். இப்படித் தமிழிலும் உண்டு. வெளிநாட்டு மெட்டுக்குள் தமிழ்ச் சொல்லைத் திணித்தால் குறில் நெடிலாக நீள்கிறது, நெடில் குறிலாகச் சுருங்குகிறது, அர்த்தமே மாறிப்போகிறது. இங்கிலீஷ் கேரல்களின் தமிழாக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், எந்த மொழி என்று கண்டுபிடிக்கவே ஒரு நிமிஷம் ஆகும்.

அதனால்தான் தமிழ் மெட்டுள்ள தமிழ்ப் பாட்டு வேண்டும் என்கிறேன். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1774இல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினவர். குறத்தி வருகிறாள், குறி சொல்கிறாள், நம் கூத்து மரபு முழுதும் அதற்குள் இருக்கிறது. மேடைக்கென்றே செய்த மாதிரி. இதைச் சொன்னபோது கமிட்டியில் ஒருவர், 'அவர் நம்மவர் இல்லையே, புரொட்டஸ்டண்ட் ஆயிற்றே' என்றார். 'ஜாய் டு தி வேர்ல்ட்' எழுதிய ஐசக் வாட்ஸ் யார்? சார்லஸ் வெஸ்லி யார்? இங்கிலீஷில் வந்தால் நம்மவர், தஞ்சாவூரிலிருந்து வந்தால் அன்னியரா? நம்மவர்தான் வேண்டுமென்றால் வீரமாமுனிவர் இருக்கிறார். இத்தாலிக்காரர், சேசு சபைச் சாமியார், 'தேம்பாவணி'யில் 3,615 பாட்டு. சூசையப்பரைக் காவியத் தலைவராக வைத்து, பிள்ளை பிறந்த இரவைச் செந்தமிழில் பாடியிருக்கிறார். அதிலிருந்து நான்கு விருத்தங்களை எடுத்து ராகமாலிகையாக ஒரே ஒரு பெண் நின்று பாடட்டும், பின்னால் தம்பூரா மட்டும் போதும். சபை எப்படி உட்கார்ந்திருக்கும் என்று பாருங்கள். சினிமா மெட்டில் கை தட்டிக் குதிக்கிற தமிழ்ப் பாட்டுகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவற்றைக் கரோல் ரவுண்டு போகிற பிள்ளைகள் லாரியில் நன்றாகவே பாடிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று மறந்துவிடுகிறோம். கச்சேரி நடப்பது டிசம்பர் பதினைந்து, இருபது தேதிகளில். அது இன்னும் கிறிஸ்மஸ் அல்ல, திருவருகைக் காலம், காத்திருக்கிற காலம். காத்திருப்பதற்கென்றே பாட்டுகள் இருக்கின்றன. 'வெனே, திவேன் மெஸ்ஸி' என்பது பெல்லெக்ரேன் என்ற குருவானவர் எழுதியது, மெட்டோ அதற்கு முன்பே மாடு மேய்க்கிறவர்களைப் பற்றின பழைய நாட்டுப்பாட்டின் மெட்டு. அந்த மாதிரி நாட்டு மெட்டுகளை எடுத்து ஷார்பான்தியே பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு முழு நடுச்சாமப் பூசைக்கே இசை அமைத்தார். ஆக, மெட்டு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குப் புகார் கிடையாது. மாட்டு மெட்டு தாராளமாக வரட்டும். தொடக்கத்தில் அதைப் பாடினால் சபைக்கு ஒரு எதிர்பார்ப்பு வரும். எடுத்த எடுப்பிலேயே பிள்ளை பிறந்துவிட்டது என்று முரசு அடித்தால் மீதி இரண்டு மணி நேரம் என்ன செய்வது?

இரண்டு மணி நேரம் என்றதும் நினைவு வருகிறது. போன வருஷக் கச்சேரியில் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் சேர்த்து நான் கைக்கடிகாரத்தில் பார்த்த கணக்குப்படி நாற்பத்தேழு நிமிஷம். அதனால்தான் தமிழ்ப் பாட்டு கடைசிக்குப் போகிறது, சரணங்கள் வெட்டப்படுகின்றன. பொன்னாடையை வீட்டுக்கு அனுப்பி வைக்கலாம்.

என் பட்டியல் இது. தொடக்கம் 'வெனே, திவேன் மெஸ்ஸி'. அடுத்து உடனே தமிழ், வேதநாயகம் சாஸ்திரியாரின் குறவஞ்சியிலிருந்து ஒரு பகுதி, சிறுவர் சிறுமியர் நடித்துப் பாட. பிறகு தேம்பாவணி விருத்தம். 'லெ ஸான்ழ் தான் நோ காம்பாஞ்', அதன் பல்லவி லத்தீன், ஒரே சொல்லை இழுத்துப் பாடுவது, சபை முழுதும் சேர்ந்துகொள்ளலாம். ஆங்கிலத்தில் இரண்டு, அது பிள்ளைகளின் இஷ்டம், பனி இல்லாமல். முன்சீப் பிள்ளையின் கீர்த்தனை ஒன்று. 'மினுவி க்ரேத்தியேன்' மூன்று சரணமும், மூன்றாவதற்கு முன்பு 'ஓரேலி' கப்பலைப் பற்றி யாராவது ஒரு நிமிஷம் தமிழில் சொல்லட்டும். அமைதி இரவு, தமிழில், மின்விளக்கை அணைத்துவிட்டு. 'அதெஸ்தே'வோடு முடிவு, எல்லோரும் நின்று. எழுபது நிமிஷத்துக்கு மேல் போகாது.

இதில் அவசரம் என்னவென்றால், இந்த வருஷம் முதியோர் குழுவை மேடையிலிருந்து எடுத்துவிடுவதாகப் பேச்சு இருக்கிறது. 'குரல் நடுங்குகிறது, மைக்கில் தெரிகிறது' என்று காரணம். பிரெஞ்சும் லத்தீனும் தாளைப் பார்க்காமல் பாடுகிறவர்கள் அந்த வரிசையில் மட்டும்தான் இருக்கிறார்கள். போன வருஷம் பதினொரு பேர், இந்த வருஷம் எட்டு. பிள்ளைகளை அவர்களுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தால் நான்கு ஒத்திகையில் கற்றுக்கொள்வார்கள். கீழே உட்கார வைத்துவிட்டால் யாரிடம் கேட்பார்கள்? நடுங்குகிற குரலுக்கு மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கத் தெரிந்தால் போதும்.

கமிட்டி இறுதிப் பட்டியலை நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்கிறது. இதைப் படிக்கிறவர்களில் அந்தக் கூட்டத்துக்குப் போகக்கூடியவர்கள் போங்கள். 'மினுவி க்ரேத்தியேன்' மூன்று சரணத்தையும் தமிழ் எழுத்தில், எந்த 'எ'வுக்குச் சுரம் உண்டு என்று அடியில் கோடு போட்டு, பக்கத்திலேயே தமிழ் அர்த்தத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். நகல் எடுத்தும் வைத்திருக்கிறேன். மாலை ஐந்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், பிள்ளைகளை அனுப்புங்கள்.